நூற்றுக்கு மூன்று

ஓவர்பெர்க் சமவெளியை
அறுகோணங்களாக வெட்டினேன்.
ஏழாயிரத்துச் சொச்சம், எல்லாம் ஒரே அளவு.
கோதுமை, பார்லி, கண்ணைக் கூசவைக்கும் கனோலா மஞ்சள்.
ஏர் ஏறமுடியாத கல்சரிவுகளில் மட்டும்
தட்டோரம் ஒதுக்கிய கறிவேப்பிலையாய்
ரெனோஸ்டர் புதர்.

மென்பொருளிடம் கேட்டது இவ்வளவுதான்:
ஒவ்வொரு கிழங்குச் செடியிலும் இத்தனை பங்கு,
தரையில் கூடுகட்டும் கரும்பருந்துக்கு இத்தனை இடம்,
முடிந்தவரை அடுத்தடுத்து,
முடிந்தவரை மலிவாக.
நூறு தடவை ஓடு என்று விட்டுவிட்டுத்
தூங்கப் போனேன்.
மேசைமேல் விசிறி விடியும்வரை இரைந்தது.

காலையில்
2217ஆம் எண் நூற்றுக்கு நூறு.
அது இல்லாமல் விடையே இல்லை.

தியுனிஸ் ஹம்மனின் நிலம் அது.
வண்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி கேட்டார்:
"செலவு என்று ஒரு கட்டம் வைத்திருப்பாயே,
என் சரிவுக்கு என்ன போட்டாய்?"
ஹெக்டேருக்கு இத்தனை ராண்ட் என்றேன்.
"என் அப்பா அங்கே இரண்டு டிராக்டரைக் கவிழ்த்தார்.
அதைக் கழித்துக்கொள்."

நான்கு மாதம். பதினொரு காப்பி.
செம்மறிகளுக்கு இலையுதிர் காலத்தில் இரண்டு வாரம்,
பூக்கும் பருவத்தில் வேலி சாத்தியிருக்கும்,
களைக்கொல்லி காற்றடிக்கும் நாளில் இல்லை.
அவர் மகளும் மருமகனும் வாசலில் சண்டைபோட்டார்கள்.
கடைசியில் பத்திரத்தில் ஒரு வரி ஏறியது.
யார் வாங்கினாலும் விற்றாலும்
நிலத்தோடு போகும் வரி.
அன்றிரவு நான் பியர் குடித்தேன், தனியாக.

தானிய எடைமேடையில் வேலைபார்க்கும்
காத்ரீனா ஆரென்ட்சே சொன்னாள்:
"பூ பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறாய்,
வியாழக்கிழமை வா. மூன்று மணிக்கு மேல்.
அதற்குமுன் அது கண் திறக்காது."

ரயில் பாதைக்கும் குடியிருப்புக்கும் நடுவே
நகராட்சியின் துண்டு நிலம்.
பிளாஸ்டிக் பைகள், ஒற்றைச் செருப்பு,
யாரோ எரித்த டயரின் கம்பி வளையம்.
நடுவில் மொரேயா.
நாற்பதா ஐம்பதா, எண்ண விடவில்லை காற்று.
மூன்று பத்துக்கு முதல் இதழ் மடல் விரிந்தது.
பிறகு எல்லாம் ஒன்றாக,
யாரோ உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டதுபோல.

பார்த்தவுடன் எண் தெரிந்துவிட்டது.
1804. நூற்றுக்கு மூன்று.
வீட்டுமனைக்கு ஒதுக்கிய இடமென்று
செலவுக் கட்டத்தில் நான்தான்
பெரிய தொகை எழுதியிருந்தேன்.
மென்பொருள் அதைச் சுற்றிக்கொண்டு போனது,
நானும் அப்படித்தான் போயிருப்பேன்.
இதே பூ ஹம்மனின் சரிவில் இருக்கிறது.
இலக்கு எட்டியாகிவிட்டது.

"இது உன் படத்தில் இருக்கிறதா?"
இல்லை என்றேன்.
"நல்லது."

பதினொரு வருடமாக அவள் பெயர் பட்டியலில்.
அறுபது வீடுகளில் நாற்பத்தொன்றாவது அவளுக்கு.
அக்கா வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரைக்கடியில்
இரண்டு பிள்ளைகளோடு பதினொரு குளிர்காலம்.
அந்த மூன்று விடைகளை
அறைக்குத் திரும்பியதும் திறந்து பார்த்தேன்:
பதினேழாவது ஓட்டம், ஐம்பத்தெட்டாவது, தொண்ணூற்றொன்றாவது.
1804 பச்சையாக இருந்தது.
அந்தப் பச்சைக்குள் அவளுக்கு வீடு இல்லை.
அதைச் சொல்ல என் அட்டவணையில்
ஒரு கட்டம்கூட இல்லை.

ஆனால் அது இரவில்.
வியாழக்கிழமை மாலை வேறு.
நிலம் அளந்தவர்கள் அடித்துப்போன முளைகளில்
ஆரஞ்சு நாடா படபடத்தது.
காத்ரீனா ஒரு முளையிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.
"இங்கே கதவு. இது சமையலறை.
ஜன்னல் ரயில் பக்கம்,
பையனுக்கு ரயில் பிடிக்கும்."
நீண்ட எட்டாக வைத்து நடந்தாள்,
ஏழு, எட்டு, ஒன்பது,
இல்லாத சுவரில் ஒரு கை வைத்தபடி.

பூக்கள் வந்தபோது
எண்ணிக்கையை விடாமல்
பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு
சுற்றிப் போனாள்.